குளத்துக் கங்காணி ஜெயலெட்சுமி

ஜெயலெட்சுமியின் இடது கையில் மீன், வலது கையில் கத்தி. மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் குந்தியிருந்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக இரண்டு இழுப்பில் செதிள் எடுப்பாள். வயிற்றை ஒரே கீறலில் திறந்து உள்ளே இருப்பதைப் பெருவிரலால் வழித்துப் போடுவாள். ஒரு மீனுக்கு ஒரு நிமிடம் ஆகாது. முப்பத்தெட்டு வருடம் தோட்டத்து வேலையில் பழகிய விரல்கள். கண் வேறெங்கே இருந்தாலும் அவை தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அன்றைக்குக் கண் எதிர் வீட்டு வாசலில் இருந்தது. அங்கே அவளுடைய ஓரகத்தி சுபாஜினி, நீளமான உறை ஒன்றிலிருந்து புதிய தூண்டிலை உருவிக்கொண்டிருந்தாள்.

நான் ஜெயலெட்சுமிக்குப் பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். இதே தோட்டத்தில் வளர்ந்து, பதுளையில் பராமரிப்புப் பயிற்சி முடித்து, கொழும்பில் பதினாறு வருடம் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். இப்போது லுணுகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தில், மேல் டிவிசனில், வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் வருகிறேன். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் மிஸ்ஸிதான்.

"கையைக் கழுவிட்டு வா," என்றேன்.

"இருங்க மிஸ்ஸி, இன்னும் ரெண்டு மீனு இருக்கு. அவ என்னா எடுக்கிறா பாருங்க. சுத்துற சக்கரம் வச்ச கம்பு."

"ரீல்."

"அதான். பதுளைக்குப் போயி வாங்கிட்டு வந்திருக்கா. எந்தக் கடையில வாங்குனதுன்னு மீனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒனக்கு என்ன அதுல?"

"எனக்கு என்னா? ஒன்னும் இல்ல."

ஒன்றும் இல்லாதவளின் பிரஷர் நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னேன். அவள் வழித்துப் போட்டிருந்ததைக் காகம் கொத்த வந்தது. குடலுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகச் சினை கிடந்தது. மீனோ என் கையகலத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

"இத்தனூண்டு மீனுக்குச் சினையா?"

"இப்பல்லாம் அப்பிடித்தான். ஆறு விரக்கடை வளந்தாப் போதும், சினை புடிச்சுக்குது. நான் அறுக்க ஆரம்பிச்ச காலத்துல ஒரு சாண் தாண்டுனதுலதான் இருக்கும்," என்றாள். இரண்டு பேருமே அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவளுக்குச் சக்கரம் வைத்த கம்பு முக்கியம், எனக்குப் பிரஷர்.

ஜெயலெட்சுமிக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பதினாறு வயதில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். நடுவில் எட்டு வருடம் தேயிலைக் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலை செய்தாள். அந்த நர்சரிக்குத் தண்ணீர் வேண்டுமென்றுதான் தொண்ணூற்று நான்கில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே குளம் வெட்டினார்கள். அப்போது தோட்டத்தை நிர்வகித்த துரை மீன் பிரியர். தம் பங்களாவுக்குப் பின்னால் சின்னக் குளமொன்றில் திலாப்பியா வளர்த்தார். அதிலிருந்து கொஞ்சம் குஞ்சுகளைப் புதுக் குளத்தில் விடச் சொன்னார். வாளியில் சுமந்து வந்து விட்டவள் ஜெயலெட்சுமி.

இரண்டு வருடத்தில் மீன் பெருகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மூங்கில் கம்பில் தங்கூசி நூல் கட்டி, பாண் என்கிற கடை ரொட்டியை உருட்டிக் குத்திப் போட்டுப் பார்த்தாள். போட்டவுடன் ஒன்று விழுங்கிக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. கறிக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். லுணுகலையில் மீன் கிடைக்கும். "ஆறு நாளு அடுத்தவங்க சொன்ன எடத்துல நிக்கிறேன், ஒரு நாளு நான் நெனச்ச எடத்துல ஒக்காருறேன்," என்பாள். பொம்பளை தூண்டில் போடுவதா என்று சிரித்த ஆண்கள் அடுத்த மாதமே கம்பு வெட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சட்டம் போட்டதும் அவள்தான். சில பையன்கள் படுக்கைக்குக் கட்டும் நுளம்பு வலையால் குஞ்சு குஞ்சாக அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, தன் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வந்தாள். மட்டக்கம்பு என்பது கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் படுக்கப் போட்டு மட்டம் பார்க்கும் கம்பு. கம்புக்கு மேலே நிற்பதை எடுக்கலாம், கீழே இருப்பதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். அந்தக் கம்பில் ஒரு சாண் அளவுக்கு, அதாவது விரல் அகலக் கணக்கில் பன்னிரண்டு விரக்கடைக்கு, கத்தியால் கீறல் போட்டாள். கீறலைத் தொடாத மீன் குளத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், தாண்டியது வீட்டுக்குப் போகலாம். கொழுந்துக்கு என்ன நியாயமோ அதே நியாயம் மீனுக்கும். தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையிருக்கவில்லை. கேட்டவுடன் எல்லோருக்கும் சரியென்று பட்டது. மீறியவனை அவள், காலையில் ஆட்களை நிறுத்தும் பெரட்டில் கங்காணி கூப்பிடுவது போலப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவாள். அதனால் வந்த பட்டம்தான் குளத்துக் கங்காணி. கேலியாக வைத்தார்கள். அவள் மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாறு வருடம் கழித்து யாருக்குமே ஒரு சாண் மீன் அவ்வளவாக அகப்படவில்லை. கீறலை ஒன்பது விரக்கடைக்கு இறக்கினாள். பிறகு ஆறுக்கு. மீனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஆண்கள் சொன்னார்கள். பாண் உருண்டையைச் சுற்றிச் சுற்றி வரும், முகரும், ஓரத்தில் கொறிக்கும், விழுங்காது. அரை நாள் உட்கார்ந்தால் நாலு மீன்.

ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை குளத்தில் போட்டி நடக்கும். லுணுகலையில் தூண்டில் முள்ளும் தங்கூசியும் விற்கும் ஸப்ரான் நானாதான் நடுவர். அவருக்கு இந்த டிவிசனில் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. அதிக நீளமான மீனைப் பிடித்தவருக்கு ஒரு வருடத்துக்குத் தட்டைக்கல் சொந்தம். பங்களாக் குளத்திலிருந்து வழியும் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வந்து நம் குளத்தில் விழும் இடத்தில் அந்தக் கல் இருக்கிறது. நிழலும் உண்டு, காற்றும் உண்டு, புதுத் தண்ணீருக்கு மீனும் வரும். வென்றவர் தவிர வேறு யாரும் வருடம் முழுக்க அதில் உட்கார மாட்டார்கள். போட்டியன்று மட்டும் கல் காலியாக இருக்கும்.

பதினொரு வருடமாகக் கல் ஜெயலெட்சுமியிடம் இருந்தது. குடியிருக்கும் அறையான லயத்துக் காம்பரா புருஷன் பேரில். வேலை முடிந்தபோது வந்த சேமலாப நிதி மகள் கல்யாணத்தோடு முடிந்தது. மாமியாரின் மனசு எப்போதுமே சுபாஜினி பக்கம். தனக்கென்று அவள் காட்டக்கூடியது அந்தக் கல் ஒன்றுதான்.

அவள் முதல் தடவை வென்ற மீன் பதினாறு விரக்கடை. போன வருடம் வென்றது பதினொன்று. இடையில் வருடம் தவறாமல் குறைந்துகொண்டே வந்தது. அவள் கவனிக்கவில்லை. போட்டியில் அவள் பக்கத்து ஆள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாளே தவிர, போன வருடம் தன் கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. மற்றவர்களுடையது இன்னும் சின்னதாக இருந்தவரை அவளுக்குக் குறையில்லை.

சுபாஜினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெயலெட்சுமியின் புருஷன் சின்னராசாவுக்கு ஒரே தம்பி, கஜேந்திரன். அவன் மனைவிதான் சுபாஜினி. நாற்பத்தாறு வயது, சிரித்த முகம். ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, லயத்துக்கு எதிரே கூரைக்குச் சீட் போட்ட தனி வீடு கட்டிக்கொண்டாள். அவளிடம் குற்றம் காண நானும் முயன்று பார்த்திருக்கிறேன், சுலபமில்லை. இவர்கள் இருவரின் மாமியாரைக் கடைசி இரண்டு வருடம் நான்தான் வாராவாரம் வந்து பார்த்தேன். புரட்டிப் போட்டதும் துணி அலசியதும் ஜெயலெட்சுமி. வாரத்தில் இரண்டு நாள் வந்து தலைவாரிவிட்டுப் போனவள் சுபாஜினி. கிழவிக்குக் கஞ்சி கொடுக்கப் போனால், "சுபா வரட்டும், அவ கையால குடிக்கிறேன்," என்று வாயை மூடிக்கொள்ளும். ஜெயலெட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள். நோயாளிகள் அப்படித்தான், பக்கத்திலேயே இருப்பவளை மதிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த சுபாஜினி மூன்று வருடத்துக்கு முன் குளத்துக்கும் வந்தாள். வந்தவள் மீனோடு படம் எடுத்துப் போனில் போட்டாள். குவைத்திலிருந்தெல்லாம் அவளுக்குப் பாராட்டு வந்தது. முப்பது வருடம் தூண்டில் போட்ட ஜெயலெட்சுமியை ஒருவரும் படம் எடுத்ததில்லை.

போன கார்த்திகையில் பெரிய மழை பெய்தது. மழை பிடித்துக்கொண்டால் இங்கே எல்லோருக்கும், மண் சரிந்து லயத்தையே மூடிய மீரியபெத்தை ஞாபகம் வந்துவிடும். யாரும் சொல்லக் காத்திராமல் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். ஐந்து நாள் அங்கேதான் கிடந்தோம். நல்லவேளை, மண் நகரவில்லை. திரும்பி வந்தபோது குளம் கரை வரை நிறைந்து சேறாக நின்றது. அந்த ஐந்து நாளில் மேலே என்ன நடந்தது என்று பார்க்க ஆளில்லை.

இந்த வருடப் போட்டி காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. இருபத்து மூன்று பேர். சுபாஜினி புதுக் கம்போடு வாய்க்காலுக்கு எதிர்க் கரையில், பலா மரத்தடியில் உட்கார்ந்தாள். ஜெயலெட்சுமி அவளைப் பார்க்கிற மாதிரி இடம் பிடித்தாள். பத்து மணிக்குள் ஜெயலெட்சுமிக்கு ஆறு மீன். பெரியது பத்து விரக்கடை. அதை வைத்தே ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது சுபாஜினியின் தக்கை தண்ணீருக்குள் போனது. கொறிப்பு இல்லை, முகர்ந்து பார்ப்பது இல்லை, ஒரே முழுங்கு. கம்பு வில்லாக வளைந்தது. சுபாஜினி கத்தினாள், ஆட்கள் ஓடினார்கள், கஜேந்திரன் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டான். கரைக்கு வந்த மீன் சின்னப் பிள்ளையின் கைநீளத்துக்கு இருந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் இன்னொன்று அகப்பட்டது, பத்து விரக்கடை. அதுவும் அதே மாதிரி ஓடி வந்து விழுங்கியதுதான்.

ஸப்ரான் நானா மட்டக்கம்பை வாங்கிப் பெரிய மீனின் பக்கத்தில் வைத்தார். "ஒன்றரைச் சாண். பதினெட்டு விரக்கடை. மாஷா அல்லாஹ், பத்து வருசமா இப்பிடி ஒன்ன நான் பாக்கல."

"அது நம்ம கொளத்து மீனு இல்ல," என்றாள் ஜெயலெட்சுமி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னாக்கா சொல்றீங்க? இப்ப ஒங்க கண்ணு முன்னாலதான தூக்கினேன்?"

"தூக்குன, நான் இல்லேங்கல. கொண்டாந்து விட்டுட்டுத் தூக்குனியா, என்னான்னு யாருக்குத் தெரியும்? பதுளையில கம்பு வாங்குனவளுக்கு மீனு வாங்கத் தெரியாதா?"

"அண்ணி, வாய அடக்குங்க," என்று கஜேந்திரன் முன்னால் வந்தான்.

ஸப்ரான் நானா குறுக்கே நின்றார். "சத்தம் வேணாம். மீனை விட்டுட்டு மனுசங்களை அளக்க வச்சிருவீங்க போல. ஜெயலெட்சுமி, சொன்னா நிரூபிக்கணும். வெறும் வயித்தெரிச்சல்ல பேசக்கூடாது."

"வயித்தெரிச்சல் இருக்கு. அது வேற. இத வயித்தக் கிழிச்சே காட்டுறேன்."

சுபாஜினியின் கூடையிலிருந்து பத்து விரக்கடை மீனை எடுத்தாள். தன் கூடையிலிருந்து ஏழு விரக்கடை ஒன்றை எடுத்தாள். இரண்டையும் பலா மரத்து வேரின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கத்தியால் கீறித் திறந்தாள். அவளுடைய சின்ன மீனில் சினை பிதுங்கிக்கொண்டு வந்தது. சுபாஜினியின் பத்து விரக்கடை மீனில் கொழுப்பும் நூல் மாதிரி ஒன்றும் இருந்ததே தவிர, சினை இல்லை.

"அது ஆம்பள மீனா இருக்கும்," என்றான் கஜேந்திரன்.

"பின்னால பாத்துட்டுத்தான் எடுத்தேன். பொட்டை. முப்பது வருசமா அறுக்கிறேன், எனக்குத் தெரியாதா? நம்ம கொளத்துல இப்ப ஆறு விரக்கடைக்கே சினை வந்துருது. இது பத்து விரக்கடை வளந்தும் இன்னும் பச்சைப் பிள்ள. இன்னொன்னு. நம்ம மீனு எதாச்சும் இப்பிடி ஓடி வந்து முழுங்குதா? நீங்களே சொல்லுங்க. எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கும். இது வேற எடத்து மீனு."

அவள் சொன்னதெல்லாம் உண்மை, அதுதான் சங்கடம். சுபாஜினியின் கண் கலங்கியது. அதைப் பார்த்து ஜெயலெட்சுமியின் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

"வேற எடம்னா எந்த எடம்?" என்று கேட்டேன். "லுணுகலையில உசுரோட மீன் விக்கிறாங்களா?"

"இல்ல," என்றார் ஸப்ரான் நானா. "ஐஸ் போட்டதுதான்."

பிறகு அவரே வாய்க்காலைப் பார்த்தார். நாலைந்து பேர் அவரோடு மேலே ஏறிப் போனார்கள். பங்களாக் குளத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு கம்பி வலை அடித்திருக்கும். மழையில் அது பிய்ந்து, ஒரு பக்கம் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆளே நுழையலாம். அந்தப் பழைய துரை போன பிறகு பங்களாக் குளத்தில் யாரும் தூண்டில் போட்டதில்லை, போட விடுவதும் இல்லை. கார்த்திகை மழையில் மீன் தானாகவே இறங்கி வந்திருக்கிறது.

ஸப்ரான் நானா திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். "மீனு மேல உள்ளதுதான், ஜெயலெட்சுமி சொன்னது சரி. ஆனா சுபாஜினி ஒரு தப்பும் செய்யல்ல. இந்தக் கொளத்துல புடிச்சா, இந்தக் கொளத்து மீனு. கல்லு சுபாஜினிக்கு."

கைதட்டினார்கள். சுபாஜினி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெயலெட்சுமியிடம் வந்தாள். "அக்கா, நீங்களே கல்லுல ஒக்காருங்க. எனக்கு எங்க ஒக்காந்தாலும் ஒன்னுதான்."

இதைவிட அவள் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"உன் கல்லு, நீ ஒக்காரு," என்று சொல்லிவிட்டு ஜெயலெட்சுமி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மட்டக்கம்பை மறந்து போட்டுவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்குப் போனேன். பிரஷர் நூற்று எழுபத்தெட்டு. சின்னராசா அண்ணன் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"மீனு கொழம்பு வைக்கச் சொல்லுங்க மிஸ்ஸி. மத்தியானத்துல இருந்து கூடையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. இந்த வீட்டுல மீனு ஜெயிச்சாலும் சாப்பாடு இல்ல, தோத்தாலும் இல்ல."

உள்ளே ஜெயலெட்சுமியிடம் போனேன். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நின்றேன். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ்ஸி, மேல உள்ள மீனும் கீழ உள்ள மீனும் ஒன்னுதான். நான்தான வாளியில கொண்டாந்தேன். ஒரே வயித்துப் பிள்ளைக. அப்ப மேல உள்ளது மட்டும் எப்பிடிப் பழையபடி இருக்கு?"

"கீழ தீனி கொறைச்சலா இருக்கும். கூட்டம் அதிகம்."

"அப்பிடித்தான் நானும் நெனச்சேன். தீனி கொறைச்சல்னா பசிக்கும். பசிச்சா ஓடி வந்து கடிக்கணும். இது கிட்டயே வர மாட்டேங்குதே."

நான் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுருட்டினேன்.

"நர்சரியில தாய்ச் செடின்னு வச்சிருப்பாங்க," என்று தொடர்ந்தாள். "இருக்கறதுலயே நல்ல செடி. அதுல ஒரு கொழுந்து எடுத்தாலும் கங்காணி கத்துவாரு. அதுல இருந்து வெட்டிப் பதிச்சாத்தான் மலை பூரா அது மாதிரி வரும். எட்டு வருசம் அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன். கொளத்துல மட்டும் கொழுந்து மலைச் சட்டத்தைக் கொண்டாந்து வச்சேன். கொழுந்தை எடுத்தா செடி நிக்கும். மீனை எடுத்தா எது நிக்கும்? பெரிசா வளந்ததப் பூரா எடுத்துக் கொழம்பு வச்சேன். தைரியமா வந்து கடிச்சதப் பூரா கொழம்பு வச்சேன். சின்னதுலயே குஞ்சு போட்டது தப்பிச்சுது. பயந்தது தப்பிச்சுது. இப்ப கொளம் பூரா அதுக வாரிசுதான்."

"நீ மட்டுமா? இருபது பேரு தூண்டில் போடறாங்க."

"சட்டம் என்னோடது."

ஆறுதல் சொல்வது என் வழக்கமில்லை. உண்மையாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். ஒரு தலைமுறை மீனுக்கு ஒரு வருடம்கூட ஆகாது. முப்பது வருடத்தில் அவற்றுக்கு முப்பது தலைமுறைக்கு மேல் போயிருக்கும். நமக்கென்றால் அது அறுநூறு எழுநூறு வருடம். அதற்குள் எது வேண்டுமானாலும் மாறும்.

அவள் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"இது எனக்கா தெரிஞ்சிருந்தாலும் பரவாயில்ல மிஸ்ஸி. அவ மீனை வச்சுத் தெரிஞ்சிக்கிட்டேனே, அதுதான் தாங்கல. இனி நாளைக்கு அவ கல்லுல ஒக்காந்து, மேல இருந்து எறங்குனதையெல்லாம் ஒன்னு ஒன்னாத் தூக்குவா. தூக்கித் தூக்கிப் படம் எடுப்பா. லயம் பூரா காட்டிக்கிட்டே வீட்டுக்குக் கொண்டு போவா. ரெண்டு மாசத்துல அதுவும் முடிஞ்சிரும். திரும்ப இந்தப் பயந்தாங்கொள்ளிக மட்டும் மிஞ்சும்."

"அப்ப என்ன செய்யப் போற?"

அவள் முகம் மெல்ல மாறியது. நான் அவளை முப்பது வருடமாக அறிவேன். நல்ல எண்ணமும் கெட்ட எண்ணமும் ஒரே நேரத்தில் வந்து ஒத்துப்போனால் அவளுக்கு அப்படி ஒரு முகம் வரும்.

"கம்பு எங்க?" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஆறரைக்கே அவள் குளத்தடியில் நின்றாள். ஆட்கள் வர வர நிறுத்தி வைத்தாள். சுபாஜினியும் வந்து, கூச்சத்தோடு கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் சேர்ந்த பிறகு ஜெயலெட்சுமி பேசினாள். ஆறு விரக்கடைக்குக் கீழே உள்ளது எப்போதும் போலத் திரும்பிப் போக வேண்டும். இன்றிலிருந்து ஒரு சாணுக்கு மேலே உள்ளதும் திரும்பிப் போக வேண்டும். நடுவில் உள்ளது மட்டும் நமக்கு. ஏன் என்பதைத் தாய்ச் செடியை வைத்துச் சொன்னாள். கிழவிகளுக்குச் சட்டென்று புரிந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள்.

"பெரிய மீனைத் தண்ணியில விட்டுட்டு அப்பறம் தூண்டில் எதுக்கு?"

"புடிக்கிறதுக்கு. திங்கிறதுக்குத்தான்னா லுணுகலைக்குப் போ."

"நேத்துத் தோத்துட்டீங்க, இன்னிக்குச் சட்டத்தை மாத்துறீங்க. அப்பிடித்தான அண்ணி?" என்றான் கஜேந்திரன்.

"ஆமா. தோத்ததாலதான் மாத்துறேன். ஜெயிச்சிருந்தா எனக்கு எங்க புத்தி வந்திருக்கும்?"

சிரித்தார்கள். சிரித்த பிறகு எதிர்ப்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. மறுபடியும் பழைய அளவு வருமா என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள். கெட்டதற்கு ஆன காலத்தைவிட அதிகமாகவே ஆகலாம் என்று நான் சொன்னேன். அதுவரை அவளும் இருக்க மாட்டாள், நானும் இருக்க மாட்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லின் முன்னால் தக்கை ஒரே முழுங்கில் மறைந்தது. சுபாஜினி சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கரைக்கு இழுத்தாள். பதினைந்து விரக்கடைக்குக் குறையாது. அவள் மீனைப் பார்த்தாள், பிறகு ஜெயலெட்சுமியைப் பார்த்தாள்.

"போடு," என்றாள் ஜெயலெட்சுமி.

"ஒரே ஒரு படம் எடுத்துட்டுப் போடறேன் அக்கா."

"அது மூச்சு விட வேணாமா? போடு."

சுபாஜினி முள்ளை எடுத்து, இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீரில் விட்டாள். மீன் ஒரு கணம் நின்று, வாலடித்துப் போனது. அதன் பிறகு இன்னொன்றும் அவளுக்கே அகப்பட்டது. அதையும் விட்டாள். ஒன்பது மணி வரை ஒரு பெரிய மீனும் கரையைத் தாண்டி லயத்துப் பக்கம் போகவில்லை.

அதற்குச் சற்று முன்பு ஜெயலெட்சுமியின் மூங்கில் கம்பும் வளைந்தது. பதினாறு விரக்கடை. அதையும் அவள் விட்டாள், சட்டப்படிதான். ஆனால் விடுவதற்கு முன் எழுந்து நின்று, கல் இருக்கும் பக்கமாகத் திரும்பி, தேவைக்கு அதிகமாகக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தாள்.